ஏரிக்கரையில் ஒரு ராத்திரி



வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். ஜார்ஜ் டவுன், சுங்கை பினாங் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் ஒரு தாயார் எழுதியது. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள். கூடவே மாமியார். நாத்தனார் குடும்பம் இன்னும் கெடா மாநிலத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறது. செம்பனைக் காட்டில் வேலை. பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்கேயாவது ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசையாம். மாமியார் ஒரே பேச்சில் அடக்கிவிட்டாராம். "லயத்துக் கூரை ஒழுகுதுன்னு அழுதுதானே கல்லு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்? இப்பக் காசு கொடுத்துக் காட்டுல போய்ப் படுக்கணுமா?"

பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு ஓடி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாக நடந்தவர்களுக்குக் காடு என்பது பொழுதுபோக்கா என்ன? அட்டை கடித்த கால் அது. தரையில் பாய் விரித்தது வசதி இல்லாததால், ஆசைப்பட்டு அல்ல. அந்தக் காலத்தைச் சிரமப்பட்டுத் தாண்டி வந்தவரிடம் போய் "இயற்கையை ரசிக்கலாம் வாங்க பாட்டி" என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் சகோதரி, அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து லோரி ஏறி, தண்ணீர்மலைக்கு வந்த காலத்தில் ராத்திரி எங்கே படுத்தார்கள்? கோயில் திடலிலும் தண்ணீர்ப் பந்தல் ஓரத்திலும் அஞ்சடியிலும் பாயை விரித்து, தலைமாட்டில் சாமான் மூட்டையை வைத்து, பிள்ளைகளை நடுவில் போட்டுத் தூங்கவில்லையா? கூடாரம் போட்டுத் தங்குவது வெள்ளைக்காரர் வழக்கம் என்று நினைக்கிறோம். மூன்று நாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வெட்டவெளியில் குடும்பத்தோடு தங்கத் தெரிந்தவர்கள் நம்மைவிட யார் இருக்கிறார்கள்?

அந்தத் தண்ணீர்மலை அருவித் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியுமா? உங்கள் வீட்டுப் பக்கம்தான் வருகிறது. மலையிலிருந்து இறங்கும் அருவியாறும் ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங் ஆகிறது. பினாங் என்றால் பாக்கு, ஆகவே பாக்காறு. மலையில் பளிங்குபோல் இருந்த தண்ணீர், பட்டணத்தைக் கடந்து ஜெலுத்தோங் பக்கம் கடலில் விழுவதற்குள் வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் பட்டறை எண்ணெயும் கலந்து கறுத்துப்போய், நாட்டின் மிக அசுத்தமான ஆறுகளில் ஒன்று என்று பெயர் வாங்கிவிட்டது. சுத்தம் செய்யும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. 2017 நவம்பரில் பினாங்கைப் புயல்மழை அடித்தபோது கரை மீறி வீடுகளுக்குள் புகுந்த ஆறுகளில் இதுவும் ஒன்று. அந்த அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு ஆறு என்றால் நாற்றம், வெள்ளம் என்றால் சேறு. தெளிந்த தண்ணீர் ஓரத்தில் ஒரு ராத்திரி அது படுத்து எழுந்திருக்க ஆசைப்படுவதை வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கே போவது? ஏரிக்கரை வேண்டும், ஆனால் தீவை விட்டுப் போக வேண்டாம் என்றால் இடம் ஒன்றுதான் இருக்கிறது: பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் நீர்த்தேக்கங்கள் பார்க்க அழகுதான். ஆனால் அது நாம் குடிக்கும் தண்ணீர். அங்கே அடுப்பு மூட்டிப் படுக்க முடியாது.

வழி சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பினாங்கில் இரண்டு சுங்கை பினாங் உண்டு. ஒன்று உங்கள் வாசலில் ஓடுவது. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவ் வட்டாரத்தில், மேற்குக் கரையில் இருக்கும் கிராமம். பூங்காவின் நுழைவாயில் அங்கே இல்லை. தெலுக் பஹாங்கில்தான் இருக்கிறது. கெடாவிலிருந்து வரும் நாத்தனாரிடம் "சுங்கை பினாங்குக்கு வந்துடுங்க" என்று மொட்டையாகச் சொன்னால், அவர்கள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்கவேண்டியதுதான். பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி இறங்கினால் படகுத்துறையிலேயே 101-ஆம் எண் பஸ் கிடைக்கும். பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பூங்கா வாசல் பக்கம்தான்.

இந்தக் காடு 1928-ல் பந்தாய் ஆச்சே வனக்காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. 2003-ல் தேசியப் பூங்கா ஆனது. நிலப்பகுதி ஏறத்தாழ 1,200 ஹெக்டர். நம் கணக்கில் 3,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரிய தோட்டத்தின் அளவுதான். கூடவே கடலிலும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான பரப்பைச் சேர்த்துக் காக்கிறார்கள். வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது.

வாசலில் பெயரைப் பதிய வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. மழையில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ பாதையை மூடிவிடுவதும் உண்டு. ஆகையால், வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, "பாதை திறந்திருக்கிறதா, தங்க அனுமதி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

வாசலிலிருந்து கெராச்சுட் வரை நடை மூன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மேடும் பள்ளமும் வேரும் படியுமாக ஏறி இறங்கும் பாதை. மூட்டையோடு போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூடும். மத்தியானத்துக்கு மேல் புறப்படவே புறப்படாதீர்கள். காட்டுக்குள் பொழுது சீக்கிரம் இருட்டிவிடும் என்பதை மரக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குப் படகு உண்டு, தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து. ஆள் கணக்கல்ல, படகுக் கணக்கு. இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் தாங்கும். ஏறும்போதே மிதவைச் சட்டை எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மறுநாள் எத்தனை மணிக்கு வந்து கூப்பிடவேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

வழியில் பெரிய பெரிய மரங்களைப் பார்க்கலாம். ஜெலுத்தோங் என்றொரு மரம். பட்டையைச் சீவினால் வெள்ளைப் பால் வடியும். ரப்பர் மரத்தின் பாலைப்போல் நீளாது. சுவிங்கம் செய்ய இந்தப் பாலை ஒரு காலத்தில் மலாயாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். உங்கள் பக்கத்து வட்டாரமான ஜெலுத்தோங்குக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்பார்கள். பால்மரம் சீவிய பாட்டிக்கு இதைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கும். காட்டில் மட்டும் உளியைப் பிடிக்கவேண்டாம். ஒரு இலையைக் கிள்ளினாலும் குற்றம்.

இனி ஏரிக்கு வருவோம்.

கெராச்சுட் கடற்கரைக்குப் பின்னால், மணல்மேட்டுக்கு உள்பக்கம் இருக்கிறது அந்த ஏரி. மேலே ஒரு பாலம். பாலத்தில் நின்று பார்த்தால் சாதாரணக் குட்டை மாதிரித்தான் தெரியும். அதிசயம் அடியில் இருக்கிறது. மலை ஓடைகளிலிருந்து வரும் நல்ல தண்ணீர் மேலே நிற்கிறது. ஏற்றத்தின்போது கடலிலிருந்து புகும் உப்புத் தண்ணீர் கீழே நிற்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தும் கலப்பதில்லை. மெரோமிக்டிக் ஏரி என்று படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அடுக்கு ஏரி என்று வைத்துக்கொள்வோமே.

இது எப்படி முடியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் அடுப்பங்கரையிலேயே காட்டிவிடலாம். கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் ஊற்றி, மூன்று கரண்டி உப்பைப் போட்டுக் கரையுங்கள். அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைச் சேர்த்தால் நிறம் வந்துவிடும். இப்போது ஒரு கரண்டியைக் குவளையின் உள்பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் சாதாரணத் தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக வழியவிடுங்கள். கீழே நிறம், மேலே தெளிவு. உப்புத் தண்ணீர் கனம் கூடியது; அதனால் அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அவசரப்பட்டுக் கொட்டினால் எல்லாம் கலந்துபோகும். ஏரியிலும் அப்படித்தான். காற்றும் அலையும் பலமாகக் கலக்காதவரை அடுக்கு நிற்கும்.

உலகத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் வேறேயும் உண்டு. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரி ஒன்று. 1,400 மீட்டருக்கு மேல் ஆழம். அதன் அடித் தண்ணீருக்கு மேல்காற்றே படுவதில்லை; அங்கே மீன் வாழாது. ஜப்பானில் சுயிகெட்சு ஏரி இன்னொன்று. சுற்றுலா விளம்பரங்களில் "ஆசியாவிலேயே இது ஒன்றுதான்" என்கிற மாதிரி எழுதியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஏரி சின்னது, ஆழமில்லாதது, வருடம் முழுவதும் நிறைந்து நிற்பதும் அல்ல. ஆனாலும் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறதே, அது போதாதா?

வருடம் முழுவதும் நிறைந்து நிற்பதில்லை என்றேன் அல்லவா? விஷயமே அதில்தான் இருக்கிறது. மழை விட்டுப்போன மாதங்களில் ஏரி வற்றிவிடும். ஏரியைப் பார்க்கப் போய்ச் சேற்றையும் வெடித்த மண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பல பேர். பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும், வருடக் கடைசி மழைக்காலத்திலும் தண்ணீர் நிற்கும். பினாங்கில் அதிகமாக மழை பெய்வது செப்டம்பர், அக்டோபரில். காய்வது ஜனவரி, பிப்ரவரியில். ஆக, ஏரி நிறைந்திருக்கும் சமயம் கூடாரம் நனையும் சமயம். கூடாரம் காய்ந்திருக்கும் சமயம் ஏரி இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், சிறு பிள்ளைகளோடு முதன்முதலில் போகிறவர்கள் ஏரி குறைந்திருந்தாலும் பரவாயில்லை என்று காய்ந்த மாதத்தில் போவதே மேல். தண்ணீர் நிறைந்த ஏரியை இன்னொரு தடவை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும்படி பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்பு, சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு முகாம் இடத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. அதில் சிக்கியவர்கள் 92 பேர். இறந்தவர்கள் 31 பேர், பிள்ளைகள் உட்பட. பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இடம் பசுமையாக, அழகாக, ஆட்கள் நிறைந்ததாகத்தான் இருந்தது. ஆனால் முகாம் நடத்த அங்கே உரிமம் இருக்கவில்லை என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். அதற்கு முந்தின வருடம், 2021 ஆகஸ்ட் 18-ல் கெடாவில் குனோங் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்துவந்த திடீர் வெள்ளம் யான் வட்டாரத்தில் ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான். மலை உச்சியில் மழை, கீழே நல்ல வெயில். தண்ணீர் வருவது தெரிவதற்குள் வந்துவிடும்.

ஆகவே கைப்பேசியில் வரும் அழகான படத்தைப் பார்த்து மயங்கி, யாரோ ஒருவரின் பழத்தோட்டத்து ஆற்றோரத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். "உங்களுக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முகம் சுளித்தால் அதுவே பதில். அரசாங்கப் பூங்காவில் பணம் கட்டும்போது பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும். நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்காவது தெரியும்.

பூங்காவே ஆனாலும் கூடாரத்தை எங்கே அடிப்பது என்பது உங்கள் பொறுப்புதான். அனுமதித்த முகாம் இடத்தை விட்டு ஏரியின் விளிம்புக்கோ ஓடைக் கரைக்கோ போகாதீர்கள். ஏரிக்கரையில் தங்குவது என்றால் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு தூங்குவது அல்ல. மழை பெய்தால் ஏரி ஏறும். கடற்கரைப் பக்கம் மணலில் காய்ந்த பாசியும் சுள்ளியும் ஒரு கோடு மாதிரி ஒதுங்கியிருக்கும்; கடல் அதுவரை வருகிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே இருங்கள். தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். காற்றில் பால்மரம் முறிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பாகவே இருக்கும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சட்டியைக் கூட எடுக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலும் அதேதான். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்கு உல்லாசமாகப் போனவர்கள் உட்பட பினாங்கில் மட்டும் 52 பேரைச் சுனாமி கொண்டுபோனது. அதை நம் பிள்ளைகள் கதையாகவாவது கேட்டிருக்க வேண்டும்.

கடலில் குளிக்கலாமா? கெராச்சுட்டில் வேண்டாம். மணல் வெள்ளையாக, அலை சாதுவாகத் தெரியும். ஆனால் இழுவை பலம், சொறிமீன் வேறு. ஜெல்லி மீன் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான். குளிக்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனைக் குச்சியால்கூடக் கிளற விடாதீர்கள். செத்த பிறகும் கொட்டும். ஒரு போத்தல் காடியைச் சாமானோடு எடுத்துப் போவது நல்லது. கொட்டிவிட்டால் காடியை ஊற்றி, ஒட்டியிருப்பதை மெல்ல எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மணலைப் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் கழுவுவது எல்லாம் விஷத்தைக் கூட்டும். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது. கைப்பேசி அங்கே எல்லா இடத்திலும் பேசாது என்பதால், எங்கே நின்றால் 999-க்குப் பேச முடிகிறது என்று போன உடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தைத் தாண்டி நடந்தால் மீன்வள இலாகாவின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. 1995-லிருந்து நடக்கிறது. பச்சை ஆமைகள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையும், தமிழ்நாட்டுக் கடற்கரையில் பங்குனி ஆமை என்கிறார்களே, அந்தச் சின்ன ஆமைகள் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையும் கரையேறி முட்டையிடும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு, தாய் கடலுக்குப் போய்விடும். முட்டைகளை எடுத்துப் பத்திரமான மணலில் புதைத்து வைத்து, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வந்ததும் கடலில் விடுகிறார்கள். இதில் ஓர் அதிசயம் கேளுங்கள்: மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆமை முட்டையை விரும்பித் தின்ற தலைமுறை நம்மிலும் உண்டு. பசாரில் விற்றதை வாங்கியவர்கள்தானே! அந்தப் பேச்சை இங்கே எடுத்தால் பேரப்பிள்ளைகள் பாட்டியை விடமாட்டார்கள்.

ராத்திரி கடற்கரையில் டார்ச் அடித்து ஓடிப்பிடித்து விளையாடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடும். குஞ்சுகளோ, கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நகர்ந்து வந்து செத்துப்போகும். விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் மல்லாந்து கிடந்தால் நட்சத்திரம் தெரியும். சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து அவ்வளவு நட்சத்திரம் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கக்கூடிய நேரம் இது. அத்தை மகனுக்கு ஆங்கிலம் சரளமாக வரும், நமக்கு வராது என்று கூசிக்கொண்டிருக்கும் தோட்டத்துப் பையன், எந்தச் சத்தம் தவளை, எந்தச் சத்தம் பல்லி என்று சொல்ல ஆரம்பித்தால் அவன் முகத்தைப் பாருங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்ததே இதுதான்.

சாப்பாட்டு விஷயம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும் கட்டிக்கொண்டு போங்கள். ராத்திரி வரை கெடாது. காலைக்கு ரொட்டியும் மைலோவும். அங்கே போய் ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறேன் என்று அம்மியைத் தவிர எல்லாவற்றையும் சுமந்துபோகும் தாய்மார்களை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்காவது அடுப்பை விட்டு நகருங்கள், அம்மா. சமைத்தே ஆகவேண்டும் என்றால் சின்ன கேஸ் அடுப்பு போதும். விறகுக்குக் காட்டு மரத்தை ஒடிக்கக்கூடாது. குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல். ஏரித் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் பார்வைக்குத்தான்.

குரங்குகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், எங்கிருந்தோ வந்துவிடும். கூடாரத்துக்குள் ரொட்டியை வைத்துவிட்டு நடக்கப் போனால் திரும்பி வரும்போது கூடாரத்தில் இரண்டு வாசல் இருக்கும்; ஒன்று அது கிழித்தது. பழைய பிஸ்கட் டின்னை எடுத்துப் போங்கள். சாப்பாட்டுச் சாமானை அதில் போட்டு இறுக மூடி, மேலே கயிற்றால் கட்டிவிட்டால் அவ்வளவு சுலபமாகத் திறக்காது. குப்பையையும் அப்படியே கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குரங்குக்குத் தீனி போட்டுப் படமெடுப்பது இன்று வேடிக்கை. நாளை வரும் குடும்பத்தின் பிள்ளையை அது கடிக்கும். கரையோரத்தில் பெரிய உடும்பு நடந்து போகும். பார்த்து அலறவேண்டாம், அது தன் வழியே போய்விடும்.

கொசுவுக்குக் கொசுச்சுருளைக் கூடாரத்துக்கு வெளியே ஏற்றுங்கள், உள்ளே வேண்டாம். அந்தி நேரத்தில் முழுக்கை, முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள். அட்டைக்கு என்ன செய்வது என்று பாட்டியைக் கேளுங்கள்.

கூடாரம் வாங்குகிறவர்கள் மேலே தனி மழைத்துணி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கீழே விரிக்க ஒரு தார்ப்பாய் அவசியம். நாலு பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் அதில் மூன்று பேர்தான் படுக்க முடியும். எழுதியவர் பிள்ளைகளோடு படுத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பாட்டிக்குத் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். காலைப் படகில் வந்து, மரநிழலில் உட்கார்ந்து, சாயங்காலப் படகில் மகனோடு வீடு திரும்பட்டும். ஆனால் நான் கேள்விப்பட்ட வரையில், வரமாட்டேன் என்று அடம்பிடித்த கிழவிகள்தான் மறுநாள் காலையில் "இன்னும் ஒரு ராத்திரி இருந்தா என்ன?" என்று கேட்பவர்கள்.

திரும்பும்போது பூங்கா அலுவலகத்தில் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். அடுக்குமாடியில் அவ்வளவு பெரிய துணியைக் காயப்போட இடம் ஏது? நாத்தனாரிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தோட்டத்து வாசலில் வெயிலுக்கா பஞ்சம்?